இறைவன் பெயரோடு தம் பெயரைச் சேர்த்த மன்னர்

ஆரணி என்றதும் பலருக்கும் பட்டுச்சேலைதான் நினைவுக்கு வரும். நாம் சொல்வது அந்த ஆரணி அல்ல. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கும் நம் ஆரணி. நம் பகுதி ஒருகாலத்தில் தொண்டைமண்டலம். அதற்கு ஜெயங்கொண்ட சோழமண்டலம் என்று தம் பட்டப்பெயரையே சூட்டியவர் முதலாம் இராஜராஜ சோழன். ஆண்டுதோறும் ஐப்பசி சதயத்தன்று தஞ்சையில் அவருக்கு விழா எடுக்கிறார்கள். ஆனால் அவரது இளமைக் கதையைச் சொல்லும் செப்பேடுகள் கிடைத்தது நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மொத்தம் 31 ஏடுகள். அவருடைய மகன் இராஜேந்திரன் காலத்தவை. தந்தை சுந்தர சோழர். அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டு இறந்தார். அருண்மொழிவர்மன் என்ற பெயரோடு இருந்த தம்பியே அரியணை ஏற வேண்டும் என்று குடிமக்கள் விரும்பினார்களாம். சிற்றப்பா முறையான உத்தம சோழருக்கு நாடாளும் ஆசை இருக்கும்வரை மனத்தாலும் அதை நாட மாட்டேன் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார் என்கின்றன ஏடுகள். கி.பி. 985-இல்தான் அவர் முடிசூடினார். கையில் வந்ததை விட்டுக்கொடுத்துக் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று, பாகப்பிரிவினைக்காக நீதிமன்றம் ஏறி இறங்கும் குடும்பங்களுக்குத் தெரியும்.

அதே ஏடுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. அவரது உடலில் இருந்த அடையாளங்களைப் பார்த்து, திருமாலே மண்ணுக்கு வந்திருக்கிறார் என்று அறிந்தார்களாம். எழுதியவர்கள் அரண்மனைப் புலவர்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது. அந்தக் காலத்தில் இது சோழநாட்டுக்கு மட்டும் உரிய எண்ணமும் அல்ல. சீனப் பேரரசர் வானத்தின் மைந்தர் எனப்பட்டார். சாங் மரபின் சென்சாங் பேரரசர் 1008-இல் தாய் மலைக்குச் சென்று வானத்துக்குப் பெருவேள்வி செய்தார். ஆனால் சீனர் நம்பிக்கையில் ஒரு நிபந்தனை உண்டு: அரசர் தவறினால் வானம் தன் ஆணையைத் திரும்பப் பெற்றுவிடும்.

இராஜராஜன் சென்ற வழி வேறு. 1010-இல், தம் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், தஞ்சைப் பெரிய கோவில் விமானத்துக்குப் பொன் வேய்ந்த கலசத்தைக் கொடுத்தார். அங்கு வைத்த கடவுளுக்குப் பெயர் இராஜராஜேச்சரம் உடையார். வழிபட வருகிறவர் இறைவனை அழைக்கும்போதே அரசனையும் அழைத்தாக வேண்டும்!

இதை வெறும் ஆணவம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. காரணம், அந்தக் கல்வெட்டுகள். தாம் கொடுத்தது, தமக்கை குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என எல்லாவற்றையும் எடை போட்டுப் பொறிக்கச் செய்தார். கோவில் பணிக்கு வந்த 400 பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் சுவரில் இருக்கின்றன. நம் ஊர்த் திருவிழாக் கணக்கைக்கூட இவ்வளவு தெளிவாக எழுதுகிறோமா?

ஆனால் அதே சுவர் இன்னொரு கணக்கையும் மறைக்கவில்லை. சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த செல்வம் கோவிலுக்குப் போனது. ஈழத்துச் சில ஊர்களின் வருவாயும் கோவிலுக்கு எழுதிவைக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அரசன் வேண்டும் என்று கேட்ட இஸ்ரயேலரிடம், அவன் உங்கள் வயலையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்தது நமக்கு நினைவுக்கு வருகிறது. இத்தனைக்கும் இவர் பிற சமயத்தாரை வெறுத்தவரும் அல்ல. ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே தந்தவர்.

கடைசிக் காலத்தில் அவர் சீனத்துக்குத் தூதரை அனுப்பினார். 1014-இல் அவர் இறந்துபோனார். கடல்வழி நீண்டது, தூதர்கள் சாங் அரசவையை அடைந்தது 1015-இல். இறந்துவிட்ட மன்னரின் பெயரால், வானத்தின் மைந்தர் முன்னே முத்துகளை வைத்து வணங்கினார்கள்.