வார்டனைக் கண்டு ஓடாத ஹாஸ்டல்: ஜான் போஸ்கோ கட்டியதும், அதில் விழுந்த விரிசலும்

சென்னை எழும்பூரிலோ பெரம்பூரிலோ டான் பாஸ்கோ என்ற பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கடந்தவர்கள் குறைவு. ஆனால் அங்கே படித்த பலருக்கே அந்த டான் யார் என்று சரியாகத் தெரியாது. சினிமா டான் இல்லை. இத்தாலியில் பாதிரியார்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது, நம்மூர் ஃபாதர் மாதிரி. ஆளின் பெயர் ஜொவான்னி போஸ்கோ. நாம் சொல்வது ஜான் போஸ்கோ.

இன்று உலகம் முழுக்க அவர் பெயரில் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அவர் வீட்டில் பகல்நேர வகுப்பு தொடங்கப் பல வருடங்களுக்கு முன்பே படுக்கை போட்டாகிவிட்டது. பள்ளிக்கு முன்னால் வந்தது ஹாஸ்டல்தான். கத்தோலிக்கப் பள்ளி விடுதி என்றதும் நினைவுக்கு வருகிற மணி, வரிசை, இரவு ஜெபம், ஸ்டடி ஹால் எல்லாம் அவரிடமும் இருந்தன. அவர் மாற்ற நினைத்தது ஒரே ஒரு விஷயத்தை: மேலதிகாரியைக் கண்டால் பையன்கள் ஓடி ஒளியக்கூடாது, ஓடி வர வேண்டும். அதற்கு அவருடைய சொந்த ஹாஸ்டல் அனுபவம்தான் காரணம்.

அடுப்புக்கு மேலே ஒரு படுக்கை

இத்தாலியின் வடமேற்கில் பீட்மாண்ட் பகுதி. அங்கே பெக்கி என்ற குக்கிராமத்தில் 1815 ஆகஸ்ட் 16 அன்று ஜான் பிறந்தான். இரண்டு வயது நிறைவதற்குள் அப்பா நிமோனியாவில் போய்விட்டார். அம்மா மார்கரீட்டாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூத்தாள் மகன் அந்தோணியோவுக்கோ தம்பி புத்தகம் பிடிப்பதே ஆகவில்லை. வயலில் வேலை கிடக்கும்போது படிப்பு எதற்கு என்பது அவன் கட்சி. சண்டை முற்றியதும் அம்மாவே 12 வயது ஜானை வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிவைத்தார். கிட்டத்தட்ட இரண்டு வருடம் மாடு மேய்த்தான்.

மறுபடி பள்ளிக்குப் போனபோது ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் வரை நடை. நடந்து கட்டுப்படியாகாமல் ஊரில் ஒரு தையல்காரர் வீட்டில் தங்கினான். தங்கிய நேரத்தில் தையலும் கற்றுக்கொண்டான். 1831-ல் கியேரி நகரப் பள்ளியில் சேர்ந்தபோது வயது 16. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களோ பொடியன்கள்.

கியேரியில் லூசியா மாத்தா என்ற விதவைத் தாயின் வீட்டில் தங்கினான். மாதம் 21 லிரா. அந்தப் பணம் வீட்டில் இல்லை. ஜான் அந்தம்மாவின் மகனுக்கு டியூஷன் எடுத்தான். பையன் தேறியதைப் பார்த்து அவர் வாடகையையே வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த இருப்பிடம் ஒரு காபிக் கடை. இனிப்பு சுடும் அடுப்புக்கு மேலே ஒரு சின்னப் பொந்து, அதற்கு ஏணி வைத்து ஏற வேண்டும். காலை நீட்டினால் மெத்தையை மட்டுமல்ல, அந்தப் பொந்தையே தாண்டி வெளியே நிற்கும். மாலையில் பில்லியர்ட்ஸ் அறையில் வேலை, இரவில் படிப்பு. மிட்டாய் செய்யவும் அங்கேதான் பழகினான். பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டே பி.ஜி. அறையில் படித்தவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் நண்பர்களைச் சேர்த்து மகிழ்ச்சிச் சங்கம் என்று ஒன்று நடத்தினான். விதி ரொம்ப எளிது. கிறிஸ்தவனுக்குத் தகாததைச் செய்யக்கூடாது, பாடத்தை ஒழுங்காகப் படிக்க வேண்டும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

1835-ல் அதே கியேரியில் குருமடத்தில் சேர்ந்தார். இங்கே சாப்பாட்டுக் கவலை இல்லை, படுக்கைக் கவலை இல்லை. உறுத்தியது வேறு. அதிபரையும் பொறுப்பாளர்களையும் மாணவர்கள் நெருங்கவே முடியாது. விடுமுறைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பார்க்கலாம். மற்றபடி கூப்பிட்டு அனுப்பினால் திட்டு வாங்கத்தான். அவர்களில் ஒருவர் வராந்தாவில் வந்தால் மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். ஜானுக்கு அவர்களிடம் பேச ஆசை, ஆலோசனை கேட்க ஆசை. முடியவில்லை. பல வருடம் கழித்து எழுதிய நினைவுக் குறிப்புகளில்கூட இந்த வருத்தம் ஆறாமல் இருக்கிறது.

கம்பளியோடு ஓடிய முதல் பேட்ச்

1841 ஜூன் 5 அன்று டூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். அப்போது டூரினில் கட்டட வேலை அமோகமாக நடந்துகொண்டிருந்தது. கிராமங்களிலிருந்து பையன்கள் சித்தாள் வேலைக்கு வந்து குவிந்தார்கள். வேலை இல்லாத நாளில் பசி, பசித்தால் திருட்டு, திருடினால் சிறை. ஃபாதர் கஃபாசோ என்ற மூத்த குருவுடன் சிறைகளுக்குப் போன ஜான் போஸ்கோ, கம்பிக்குப் பின்னால் சிறுவர்களைப் பார்த்து ஆடிப்போனார். வெளியே போனதும் அவர்களுக்கென்று ஓர் ஆள் இருந்திருந்தால் திரும்ப வந்திருக்க மாட்டார்களே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அதே வருடம் டிசம்பர் 8, அமல உற்பவ அன்னை திருநாள். கோயிலுக்குள் எட்டிப்பார்த்த 16 வயது கொத்தனார் பையன் பர்த்தலோமியோ கரெல்லியை, பூசை உதவி தெரியாதவன் என்று கோயில்பிள்ளை கம்பால் அடித்துத் துரத்தினார். ஜான் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் சொன்னார். அப்பா அம்மா இல்லை, எழுத்து தெரியாது, பாடத் தெரியாது. விசிலடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான். அடுத்த ஞாயிறு நண்பர்களோடு வந்தான். விளையாட்டும் ஞானோபதேசமும் கலந்த அந்த ஞாயிறு கூட்டத்துக்கு ஓரட்டரி என்று பெயர். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் விரட்ட, இடம் மாறி மாறிக் கடைசியில் 1846 ஈஸ்டர் அன்று வால்டோக்கோ பகுதியில் ஒரு தாழ்ந்த கொட்டகையில் போய் நின்றது.

அந்த நவம்பரில் அம்மா மார்கரீட்டா மகனுடன் வந்து சேர்ந்தார். வயது 58. பேரப்பிள்ளைகளோடு கிராமத்தில் நிம்மதியாக இருந்தவர். அவருடைய கல்யாணப் பட்டு பீடத் துணிகளாக மாறியது.

தங்க இடமில்லாத பையன்களுக்கு முதலில் வைக்கோல் பரணில் இடம் கொடுத்தார்கள். விடிந்து பார்த்தால் பையன்களும் இல்லை, கொடுத்த கம்பளியும் இல்லை. வேறொரு முறை வைக்கோலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பொதுவாக ஒரு திட்டம் இங்கேயே மூடப்பட்டிருக்கும்.

1847 மே மாதம், ஒரு மழை இரவு. 15 வயது அனாதைப் பையன் ஒருவன் தொப்பலாக நனைந்து கதவைத் தட்டினான். வேலை தேடி மலைப்பகுதியிலிருந்து வந்தவன், கையிலிருந்த மூன்று லிராவும் தீர்ந்துவிட்டது. உள்ளே விட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம் இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் அம்மாவும் மகனும் சமையலறையில் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, மெத்தை விரித்தார்கள். படுக்கும் முன் மார்கரீட்டா அவனிடம் உழைப்பு, நேர்மை, கடவுள் பற்றி நாலு வார்த்தை பேசினார். பிறகு சமையலறையைப் பூட்டிவிட்டார். அன்பும் பூட்டும் சேர்ந்தே இருந்தன என்பதுதான் இதில் அழகு. இன்றும் சலேசிய விடுதிகளில் இரவு ஜெபத்துக்குப் பின் பொறுப்பாளர் இரண்டு மூன்று நிமிடம் பேசுவார். அதற்குப் பெயரே குட்நைட். வேர் இந்தச் சமையலறையில்.

சூப்பு, ஸ்பூன், ஒப்பந்தம்

ஆரம்ப வருடங்களில் டைனிங் ஹால் எல்லாம் கிடையாது. கிண்ணத்தில் சூப்பை வாங்கிக்கொண்டு படிக்கட்டிலோ மரத்தடியிலோ தரையிலோ உட்கார்ந்து குடிக்க வேண்டும். அவரவர் கிண்ணத்தை அவரவரே கழுவ வேண்டும். ஸ்பூன் பாக்கெட்டுக்குள் போய்விடும், தொலைத்தால் வேறு இல்லை. மார்கரீட்டா சமைத்தார், கிழிந்ததைத் தைத்தார், காய்கறித் தோட்டம் போட்டார். ஒருநாள் பையன்கள் போர் விளையாட்டு விளையாடி தோட்டத்தையே துவம்சம் செய்துவிட்டார்கள். போதும், ஊருக்கே போகிறேன் என்று அவர் மகனிடம் வந்து நின்றார். மகன் பதில் பேசாமல் சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினார். அம்மா தங்கிவிட்டார். 1856-ல் இறக்கும் வரை அங்கேதான். டான் பாஸ்கோ கதையில் பாதிப் பெயர் இந்தம்மாவுக்குப் போயிருக்க வேண்டும்.

விடுதியில் இரண்டு வகைப் பையன்கள்: தொழில் பழகுபவர்கள், பள்ளியில் படிப்பவர்கள். தொழில் பழகுபவர்கள் பகலில் ஊருக்குள் முதலாளிகளிடம் வேலைக்குப் போனார்கள். அங்கே அவர்களை அடிப்பதும் எடுபிடியாக வைத்துக்கொள்வதும் சகஜம். ஜான் போஸ்கோ முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். 1852-ல் ஒரு தச்சருடன் கையெழுத்தான ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. தொழிலை ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும், தவறு செய்தால் வாயால் மட்டும் திருத்த வேண்டும், ஞாயிறும் திருநாளும் விடுப்பு. 1853 முதல் வீட்டுக்குள்ளேயே செருப்பு, தையல் பட்டறைகள் வந்தன. பிறகு புத்தகக் கட்டு, தச்சு, அச்சகம். மாணவர்கள் முதலில் நகரத்து ஆசிரியர்களிடம் நடந்துபோய்ப் படித்தார்கள். 1855 முதல் அவர்களுக்கும் வகுப்புகள் வளாகத்துக்குள் வரத் தொடங்கின.

மாணவர்களில் ஒருவன் டொமினிக் சாவியோ. 1854-ல் 12 வயதில் வந்தவன். புனிதனாக வேண்டும் என்ற தீவிரத்தில் குளிர்காலத்தில் மெல்லிய போர்வையோடு படுத்தான், படுக்கையில் கல்லைப் போட்டுக்கொண்டான். ஜான் போஸ்கோ உடனே தடுத்தார். சந்தோஷமாக இரு, பாடத்தைப் படி, மற்றவர்களோடு விளையாடு, அதுவே போதும் என்பதுதான் அவர் வழி. சாவியோ 15 வயது நிறைவதற்குள் நோயில் இறந்தான். 1954-ல் திருச்சபை அவனைப் புனிதராக அறிவித்தது.

அடி கிடையாது, ஆனால் தனிமையும் கிடையாது

1877-ல் தன் முறையைச் சில பக்கங்களில் எழுதினார். தடுப்பு முறை என்று பெயர். தப்பு நடந்தபின் தண்டிப்பதைவிட, நடக்கவிடாமல் கூடவே இருப்பது. அறிவுக்கு ஏற்றது, சமயம், அன்பு ஆகிய மூன்றும் அதன் தூண்கள். அடிக்கக்கூடாது, வலிக்கும்படி முழங்காலில் நிறுத்தக்கூடாது, காதைத் திருகக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதினார். குதிக்க, ஓட, கத்தப் பையன்களுக்கு முழுச் சுதந்திரம் வேண்டும் என்றார். பாவசங்கீர்த்தனத்துக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றார். முட்டி போட வைப்பது இன்னும் ஒழியாத ஊர்களில் இருந்து படித்தால், எழுதி 140 வருடம் தாண்டிய விஷயமா இது என்று தோன்றும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த முறையில் பையன் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க முடியாது. தூங்கும் அறை, விளையாட்டுத் திடல், ஸ்டடி ஹால், எங்கேயும் ஒரு பொறுப்பாளரின் கண் இருக்கும். என்ன படிக்கிறான், யாரோடு பழகுகிறான் என்பதும் கவனிக்கப்படும். பிரைவசி என்ற சொல்லோடு வளர்ந்த தலைமுறைக்கு இது மூச்சுமுட்டும். அதை அவர் கண்காணிப்பாக நினைக்கவில்லை. பார்ப்பவர் கூடவே விளையாடுகிறவராகவும் இருந்தால் அது பாசம் என்று நம்பினார். எல்லாமே அந்த நிபந்தனையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விளையாடுவது நின்றுபோனால் மிஞ்சுவது வெறும் காவல்.

ரோமிலிருந்து வந்த கடிதம்

கடைசியில் அதுதான் நடந்தது. 1860களின் இறுதியில் வால்டோக்கோவில் சுமார் 800 பேர். 1859-ல் அவர் தொடங்கிய சலேசிய சபையில் பலர் அதே விடுதியில் வளர்ந்த பையன்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களே முதலாம் ஆண்டுக்கு வார்டன் ஆனது போல. 1863 முதல் வேறு ஊர்களிலும் போர்டிங் பள்ளிகள், 1875-ல் அர்ஜென்டினா. கோயில் கட்ட, கடன் அடைக்க அவர் ஊர் ஊராகப் போனார். வீட்டில் அவர் இருந்த நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

1884 மே 10. ரோமில் இருந்த அவருக்கு வயது 68, உடம்பு தளர்ந்திருந்தது. அங்கிருந்து வால்டோக்கோவுக்கு ஒரு கடிதம் போனது. செயலாளர் லெமோயின் எழுத்தாக்கிய அந்தக் கடிதம் ஒரு கனவைச் சொல்கிறது. கனவில் பழைய மாணவர்கள் இரண்டு காட்சிகளைக் காட்டுகிறார்கள். முதலில், பழைய விளையாட்டுத் திடல்: ஓட்டம், பாட்டு, கதை கேட்கக் குருக்களைச் சுற்றிக் கூட்டம். அடுத்து, இன்றைய திடல்: சுவரில் சாய்ந்து நிற்கும் பையன்கள், சலித்த முகங்கள், மூலைகளில் கிசுகிசு. பொறுப்பாளர்கள் தங்களுக்குள் பேசியபடி நடக்கிறார்கள். அவர்கள் வந்தால் பையன்கள் விலகிப்போகிறார்கள்.

கியேரி குருமடத்தின் வராந்தா அவர் கட்டிய வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

கடிதத்தில் அவர் பையன்களை மட்டும் குறை சொல்லவில்லை. தன் ஆட்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். பாடம் நடக்கிறது, சோறு கிடைக்கிறது, எல்லோரும் ஓய்வின்றி வேலை செய்கிறார்கள். ஆனால் பையன்களை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுவது அவர்களுக்குத் தெரிய வேண்டும், அது இங்கே நடக்கவில்லை என்பதுதான் அவர் வருத்தம். பையன்களுக்குப் பிடித்ததில் பெரியவர்கள் கலந்துகொள்ளாமல், பெரியவர்களுக்குப் பிடித்த படிப்பிலும் ஒழுங்கிலும் பையன்கள் மட்டும் ஆர்வம் காட்ட வேண்டும் என்றால் எப்படி என்று கேட்கிறார். மருந்தாக அவர் சொன்னது புது விதி எதுவும் இல்லை. இடைவேளையில் திடலுக்கு வாருங்கள், அவ்வளவுதான். சுருக்கம் பையன்களுக்கு, முழுக் கடிதம் சபையினருக்கு என்று அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது.

அவருக்கே அதன்பின் திடலில் ஓட உடம்பு இடம் தரவில்லை. 1888 ஜனவரி 31 விடியற்காலையில், வால்டோக்கோவிலேயே தன் அறையில் இறந்தார். 1934 ஈஸ்டர் அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் இறந்து 18 வருடம் கழித்து, 1906 ஜனவரியில், சலேசிய குருக்கள் முதன்முதலாக இந்தியாவில் வேலை தொடங்கினார்கள். அவர்கள் வந்து இறங்கிய ஊர் தஞ்சாவூர். அங்கேயும் முதலில் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று, வீடில்லாத பையன்களுக்குத் தங்க இடம் கொடுப்பது.