தோடி ஒலித்த இசைத்தட்டு

நாகசுரச் சக்கரவர்த்தி என்று தமிழகம் கொண்டாடிய திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய மாணவர் பலருக்கு அவர் பெயரே புதிதாக இருக்கலாம். அவர் தம் புகழின் தொடக்கக் காலத்தில் வாசித்தளித்த தோடி இராக இசைத்தட்டை அண்மையில் மீண்டும் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அத்தட்டை முன்வைத்தே அவர் வாழ்வைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இராசரத்தினம் 1898 ஆகஸ்டு 27-ஆம் நாள் திருமருகலில் பிறந்தார். தந்தை குப்புசாமிப் பிள்ளை, தாய் கோவிந்தம்மாள். இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளையைத் தாய்மாமன் நடேசப் பிள்ளை எடுத்து வளர்த்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளும் திருமருகல் நடேசனையே குறிக்கும். வளர்த்தவர் பெயரைத் தலையெழுத்தாகச் சூடிக்கொண்ட கலைஞர் அவர். முதலில் அவர் கற்றது நாகசுரமன்று, வாய்ப்பாட்டு. பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரிடம் பாடம் கேட்டார். பின்னாளில் அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் குழல் பாடுகிறது என்று வியந்ததற்கு வேர் இங்கே இருப்பதாக நான் கருதுகிறேன். மூச்சை எங்கே விடுவது, எங்கே அடக்குவது என்பதைத் தொண்டை முதலில் கற்றது. பிறகுதான் சீவாளி கற்றது.

அக்காலத்தில் நாகசுரக்காரரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். சாமி புறப்பாட்டில் முன்னே நடக்க வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் இரவு முழுதும் நிற்க வேண்டும். மேலாடை அணியலாகாது; துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர் மேடையில் அமர்ந்து பாடுவார். இவர் மட்டும் வெளியே நின்று ஊதுவார். இராசரத்தினம் இந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டார், சட்டை போட்டுக்கொண்டார், காதில் வைரக் கடுக்கன் மின்ன மேடையில் அமர்ந்தே வாசித்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இதைச் செருக்கு என்றவர் உண்டு. குனிந்து நின்று பழகிய ஒரு தொழிலை நிமிர்த்த ஒரு மனிதர் கொஞ்சம் அதிகமாகவே நிமிர வேண்டியிருந்தது என்பேன்.

இனி அந்தத் தட்டுக்கு வருவோம். நான் சிறுவனாக இருந்தபோது நெல்லித்தோப்பில் எங்கள் தெருமுனையில் ரேடியோ செட்டு வாடகைக் கடை ஒன்று இருந்தது. கல்யாணமோ, காது குத்தோ, அம்மன் கோயில் செடலோ, விடியற்காலையில் புனல் குழாயைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு முதலில் போடுவது ஒரு நாகசுரத் தட்டாகத்தான் இருக்கும். அதன் பிறகே சினிமாப் பாட்டு. கருப்பாக, கனமாக, அரக்கு வாசனையோடு இருந்த அத்தட்டை எங்களைத் தொட விடமாட்டார்கள். கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கிவிடும். அதில் ஒலித்தது இராசரத்தினத்தின் தோடி என்று கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அவ்வகைத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடம் உண்டு. கோயில் வீதியில் ஒரே இராகத்தை மணிக்கணக்காக விரித்தவரை இந்தச் சிமிழுக்குள் அடைத்தார்கள். அவர் அவசரப்படவில்லை. பாட்டில்லை, சொல்லில்லை, ஆலாபனை மட்டும். காந்தாரத்தை ஊஞ்சல்போல் அசைத்து அங்கேயே சிறிது நேரம் தங்குகிறார். பிறகு மேல் தாயிக்கு ஏறி, அருவிபோல் பிருகாக்களைக் கொட்டுகிறார். தட்டு கீறிப்போய் இரைச்சல் மிகுந்திருக்கிறது. ஆனாலும் மூச்சின் நீளம் தெரிகிறது. தோடி என்றால் இராசரத்தினம் என்று ஊர் ஊராகப் பதிந்ததற்கு இத்தகைய தட்டுகளுக்குப் பெரும் பங்குண்டு. அவர் கச்சேரிக்குப் போகக் கூலிப்பணம் இல்லாதவனும் தேநீர்க் கடை வாசலில் நின்று அவரைக் கேட்டான்.

இசைக்கருவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்நாளில் வழக்கில் இருந்தது திமிரி என்னும் குட்டையான நாகசுரம். சுருதி ஏறியது, சுத்த மத்திமம் அதில் செம்மையாக அமைவதில்லை. தோடிக்கு அந்தச் சுத்த மத்திமம் இன்றியமையாதது. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி ஆச்சா மரத்தைக் கடைந்து துளைகளின் இடத்தையும் குழலின் நீளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, சுருதி இறங்கிய, நீண்ட பாரி நாகசுரத்தை உருவாக்கினார். வாசித்துப் பார்த்துக் குறை சொல்லியும், நிறைந்தபோது கையில் ஏந்தியும் அதை நிலைநாட்டியவர் இராசரத்தினம். இன்று வித்துவான்கள் கையில் காண்பது பெரும்பாலும் அந்தப் பாரிதான். ஆசாரியின் பெயரை மேடையில் சொல்வோர் எத்தனை பேர்?

1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் புலவராக நடித்தார். நடிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை, அதோடு விட்டுவிட்டார்.

1947 ஆகஸ்டு 14-ஆம் நாள் டில்லியில் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் செங்கோல் அளித்தபோது நாகசுரம் வாசித்தவர் ஆதீன வித்துவானான இவரே. ஒரு காலத்தில் மேடைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட கருவி, ஒரு நாடு பிறந்த இரவில் அதன் வாசலில் ஒலித்தது. அன்று எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. நமக்கு விடுதலை 1954 நவம்பர் 1-இல்தான் வந்தது. டில்லியில் ஒலித்த அந்த மங்கல இசையில் எங்கள் பாட்டனார்களுக்குப் பங்கு இல்லாமற் போயிற்றே என்று வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் ஒரு சிறு ஏக்கம் எழும்.

நிறையச் சம்பாதித்தார், நிறையச் செலவழித்தார். பணம் அவர் கையில் தங்கியதில்லை. 1956 டிசம்பர் 12-ஆம் நாள் 58-ஆம் வயதில் காலமானார். அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் 1962-இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து வாசித்ததைக் கேளாத தமிழர் குறைவு. ஆனால் அவரும் 1964-இல் மறைந்தார். குருவை விட மாணவர் பெயர் இன்று பலருக்கு நினைவிருக்கக் காரணம் அந்தச் சினிமாப் பாட்டுதான்.

தெருமுனைக் கடை இப்போது இல்லை. அந்தத் தட்டு யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ! நான் அண்மையில் கேட்டது என் மாணவன் ஒருவன் கைப்பேசியில் எடுத்துத் தந்தது. விரும்புகிறவர்கள் தேடிக் கேட்கலாம்; இரண்டு பாட வேளைகளுக்கு இடையே கிடைக்கும் நேரமே அதற்குப் போதும்.