சிகாகோவில் ஒரு வாடகை வீடு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

மார்ட்டின் லூதர் கிங் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பேருந்துப் புறக்கணிப்பும், வாஷிங்டன் பேரணியும், நோபல் பரிசும் நம் நினைவில் வந்து நிற்கும். பள்ளிப் பாடநூல்களும் பெரும்பாலும் அத்துடன் நிறுத்திக்கொள்ளும். ஆனால் அந்தப் பெருமகனார் வெல்ல முடியாமல் திரும்பிய களம் ஒன்றும் உண்டு. அது சிகாகோ, அங்கே அவர் கேட்டது வீடு. வாடகை வீடு மாறி மாறியே காலம் கழித்த குடும்பத்தில் பிறந்து, அக்குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி வாயிலை மிதித்த எனக்கு, அவருடைய மற்ற எல்லா அறப்போர்களையும்விட இதுவே நெஞ்சுக்கு நெருக்கமாகப் படுகிறது.

1929-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் அட்லாண்டா நகரில், பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் கிங். வறுமையில் வாடாத வீடு அது. 19-ஆம் வயதில் மோர்ஹவுஸ் கல்லூரியில் சமூகவியல் பட்டம் பெற்றார். பின்னர் இறையியல் பயின்று, 1955-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் முனைவரானார். பாஸ்டனில் மாணவராக இருந்தபோது தங்குவதற்கு அறை தேடி வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். வாடகைக்கு அறை உண்டு என்னும் அறிவிப்பு வாசலில் இருக்கும்; கதவைத் தட்டியவர் கறுப்பர் என்று தெரிந்ததும், அறை இப்போதுதான் போயிற்று என்று சொல்லிவிடுவார்களாம். தென் மாநிலங்களில் இருந்ததைப் போன்ற இனப் பிரிவினைச் சட்டம் பாஸ்டனில் இல்லை. சட்டம் இல்லாமலேயே கதவு சாத்தப்பட்டது. (எங்கள் ஊர்ப் பக்கம் வீடு கேட்டுப் போனால் முதலில் எதை விசாரிப்பார்கள் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?)

மாண்ட்கமரி நகரில் 381 நாள் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு, அதன் நடுவே 1956 ஜனவரியில் அவர் வீட்டில் வீசப்பட்ட குண்டு, 1963-இல் வாஷிங்டனில் இரண்டரை இலட்சம் மக்கள் திரண்ட பேரணி, 1964-இல் 35 வயதில் கிடைத்த நோபல் பரிசு, 1964, 1965-ஆம் ஆண்டுகளின் குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்கள் ஆகியவற்றைப் பலரும் எழுதிவிட்டனர். 1959-இல் அவர் நம் நாட்டுக்கு வந்து ஏறக்குறைய ஒரு மாதம் தங்கியதையும் நாம் அறிவோம். அப்போது பம்பாய் நடைபாதைகளில் இரவெல்லாம் உறங்கும் மக்களைக் கண்டு உள்ளம் வருந்தி எழுதினார் என்பதை மட்டும் இங்கே குறித்து வைத்துக்கொண்டு சிகாகோவுக்குச் செல்வோம்.

தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு ஆலை வேலை தேடி வடக்கே சென்ற கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் சிகாகோவில் குடியேறினர். 1940-இல் சுமார் 2,78,000 ஆக இருந்த அவர்கள் தொகை 1960-இல் எட்டு இலட்சத்தைத் தாண்டிற்று. ஆட்கள் மூன்று மடங்கானார்கள். அவர்கள் குடியிருக்கலாம் என்று விடப்பட்ட தெருக்களோ அந்த அளவுக்குப் பெருகவில்லை. கறுப்பருக்கு விற்க மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் தமக்குள் பத்திரம் எழுதிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அத்தகைய பத்திரங்களை நீதிமன்றம் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் நிலைமை அதிகம் மாறவில்லை. வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி தரும் கூட்டரசு நிறுவனம் 1934-இல் தோன்றியது. அது கறுப்பர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று ஒதுக்கி வைத்தது. வங்கிக் கடன் கிடைக்காதவர்களைத் தரகர்கள் பிடித்துக்கொண்டார்கள். கறுப்பர்கள் வருகிறார்கள் என்று கிளப்பிவிட்டு வெள்ளையரிடம் வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குவது, அதே வீட்டை ஒன்றுக்கு இரண்டாக விலை வைத்துக் கறுப்பருக்குத் தவணை முறையில் விற்பது, ஒரு தவணை தவறினாலும் வீட்டைப் பறித்துக்கொள்வது! இந்தத் தொழிலில் இரு சாராருமே ஏமாந்தனர். ஆனால் ஏமாந்த வெள்ளையர் கோபம் கொண்டது தரகர்மீது அன்று.

நகர வீட்டுவசதி வாரியம் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்ட முன்வந்தபோதும் இதே கதைதான். வீடு கட்டக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. எங்கள் பேட்டையில் கட்டாதீர்கள் என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள். 1953-இல் டிரம்புல் பார்க் குடியிருப்பில் ஒரே ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்ததற்குக் கல்லெறியும் கலவரமும் நடந்தன. தொல்லை ஆண்டுக்கணக்கில் நீண்டது. தத்தம் வட்டாரத்தில் வரும் திட்டத்தைத் தடுத்துவிடும் செல்வாக்கு நகரமன்ற உறுப்பினர்களுக்கு இருந்தது. வாரியத்தின் முதல் கறுப்பினத் தலைவர் ராபர்ட் டெய்லர், வீடுகளை நகரெங்கும் பரவலாகக் கட்ட வேண்டும் என்று போராடிப் பார்த்துவிட்டு, 1950-இல் பதவியைத் துறந்தார். அவர் இறந்த பிறகு, கறுப்பர் பகுதியிலேயே பதினாறு மாடி கொண்ட 28 கட்டடங்களை வரிசையாக நிறுத்தி, அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்! எதை வேண்டாமென்று பதவி விலகினாரோ அதற்கே அவர் பெயர். இதைவிடக் கொடிய அஞ்சலி உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நகருக்குத்தான் 1966 ஜனவரி 26-ஆம் நாள், மனைவி கொரெட்டாவுடன் குடிவந்தார் கிங். மேற்குப் பகுதியில் லாண்டேல் என்னும் பேட்டை; தெற்கு ஹாம்லின் தெரு, 1550 எண்ணுள்ள பழைய கட்டடம். வாசற்கதவுக்குப் பூட்டில்லை, நுழைவிடத்தில் மண் தரை, அங்கே மூத்திர நாற்றம். வரப்போவது யார் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் அவசர அவசரமாகப் பழுது பார்த்து வெள்ளையடித்தார். கிங் மாதம் ஒரு வீடாக மாறினால் லாண்டேல் முழுவதும் சீராகிவிடும் என்று ஊரில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். அவர் செய்து பார்த்த கணக்கு எளியது. இடிந்த நான்கு அறைகளுக்கு லாண்டேலில் மாதம் 90 டாலருக்கு மேல் வாடகை. வெள்ளையர் வாழும் கேஜ் பார்க் போன்ற இடங்களில் ஐந்தரை அறை கொண்ட புதுப்பாங்கான வீட்டுக்கு 78 டாலர். வேறிடம் போக வழியற்றவனிடம் எவ்வளவும் கேட்கலாம் அல்லவா? ஓர் அறையிலே ஆறு பேர் படுத்து, நடுவில் விளக்கை வைத்துப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க ஆசிரியர் தேவையில்லை. கோடையில் பிள்ளைகளும் வந்து தங்கினர். விளையாட இடமின்றி, புழுக்கத்தில், அடங்கியிருந்த குழந்தைகள் சில நாட்களிலேயே எரிச்சலும் சண்டையுமாக மாறியதைப் பெற்றோர் கண்ணாரக் கண்டார்கள்.

ஜூலை 10-ஆம் நாள், கடும் வெயிலில், ஆயிரக்கணக்கானோருடன் நகர மன்றத்துக்கு நடந்து சென்று கோரிக்கைகளைக் கதவில் ஒட்டினார். பிறகு கறுப்பினத் தம்பதியரையும் வெள்ளையினத் தம்பதியரையும் தனித்தனியே தரகர்களிடம் அனுப்பிச் சோதித்தார்கள். வெள்ளையருக்குக் காட்டிய வீடு கறுப்பருக்கு இல்லையென்றானது. அதன்பின் அந்தப் பேட்டைகளுக்குள்ளேயே ஊர்வலம் போவதென முடிவாயிற்று. ஆகஸ்ட் 5-ஆம் நாள் மார்க்கெட் பார்க்கில் எழுநூறு பேர் அளவிலான ஊர்வலத்தை ஆயிரக்கணக்கான வெள்ளையர் சூழ்ந்துகொண்டனர். கல்லும் புட்டியும் பறந்தன. ஸ்வஸ்திகாக் கொடிகளும் தென்பட்டன. ஒரு கல் கிங்கின் தலையில் பட்டு, அவர் ஒரு முழங்காலிட்டுச் சாய்ந்தார். சற்று நேரத்தில் எழுந்து மேலே நடந்தார். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் அடிபட்டுப் பழகிய அவரே, இத்தனை வெறுப்பை அங்கும் கண்டதில்லை என்று செய்தியாளர்களிடம் கூறும்படி ஆயிற்று.

கல்லெறிந்தவர்கள் யார்? கோடீசுவரர்கள் அல்லர். போலந்து, லித்துவேனியா, அயர்லாந்து நாடுகளிலிருந்து வந்த ஏழைகளின் மக்கள். ஆலையில் உழைத்துச் சேர்த்த பணமெல்லாம் ஒரு சிறிய செங்கல் வீடாக நிற்கிறது. அதன் விலை சரிந்தால் ஆயுளே சரிந்த மாதிரி. அவர்கள் அச்சம் பொய்யன்று. ஆயினும் அந்த அச்சத்தைக் கிளப்பிக் காசாக்கிய தரகனின் கண்ணாடிச் சன்னலை விட்டுவிட்டு, வாடகைக்கு வீடு கேட்டு நடந்து வந்தவன் தலையைக் குறி வைத்தார்களே, அதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? தெற்கில் எதிரி சட்டமும் காவல்துறையுமாக இருந்தான். சட்டத்தை மாற்றினால் ஓரளவு முடிந்தது. இங்கே எதிரில் நின்றவர்கள் அண்டைவீட்டார்.

ஆகஸ்ட் 26-ஆம் நாள் மேயர் டேலியும், வீட்டுத் தரகர் சங்கத்தாரும், கிங்கும் கூடி ஓர் உடன்பாடு கண்டார்கள். இனம் பாராது வீடு கிடைக்கச் செய்வோம் என்று எழுதப்பட்டது. எந்த நாளுக்குள் என்று எழுதப்படவில்லை. ஊர்வலங்கள் நின்றன. இது சரணாகதி என்று அவருடைய தோழர்களில் சிலரே சினந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால் இன்னொரு கோடைக்காலக் கலவரத்தின் விளிம்பில் நின்ற ஊரில், கையில் வேறு எதுவும் இல்லாத அவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அதே ஆண்டு நாடாளுமன்றத்துக்கு வந்த வீட்டுரிமை மசோதா மேலவையில் மடிந்தது. 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் மெம்பிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. நூற்றுக்கு மேற்பட்ட நகரங்கள் கொந்தளித்தன. ஏழே நாளில், ஏப்ரல் 11 அன்று, வீட்டுரிமைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்டார்.

சட்டம் வந்ததும் பேச்சின் பாணி மாறிற்று. சிகாகோவை அடுத்துள்ள ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்னும் ஊரில் 1970 கணக்கெடுப்பின்படி 64,000 மக்கள். அவர்களில் கறுப்பர் 27 பேர். அங்கே பதினைந்து ஏக்கரில், குறைந்த வருவாய்க்காரர்களுக்காக 190 தொகுப்பு வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். இந்த நிலம் தனி வீடுகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது, நெருக்கமான குடியிருப்பு வந்தால் வீட்டு மதிப்பு குறையும் என்று ஊர்க்குழு 1971-இல் மறுத்துவிட்டது. நிறத்தைப் பற்றி அந்தக் காரணங்களில் ஒரு சொல் கிடையாது. இனப் பாகுபாடே நோக்கம் என்று மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, 1977-இல் உச்ச நீதிமன்றம் ஊரின் முடிவை அரசியல் சட்டத்துக்கு முரணானதன்று என ஏற்றது.

ஹாம்லின் தெருக் கட்டடம், கிங் இறந்தபோது மூண்ட கலவரத்தில் சிதைந்து, பிறகு இடிக்கப்பட்டது. அந்த மனை பல ஆண்டுகள் வெறுமனே கிடந்தது. 2011-இல் அங்கே அவர் பெயரால் குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. மொத்தம் 45 வீடுகள். கட்டியது லாண்டேலில்தான், கேஜ் பார்க்கில் அன்று.