2 மணி 12 நிமிடம்: நாற்பது ஆண்டுகளைக் கடந்து நின்ற ஷிவ்நாத் சிங்கின் மாரத்தான் சாதனை

இந்தியத் தடகள வரலாற்றில் சில எண்கள் அவற்றை எழுதியவர்களைவிட நீண்ட ஆயுள் பெற்றவை. 1978-ஆம் ஆண்டு பஞ்சாப் மாநிலம் ஜலந்தரில் பதிவான 2 மணி 12 நிமிடம் 0 விநாடி என்னும் மாரத்தான் நேரம் அத்தகைய ஓர் எண். அந்த நேரத்தில் 42.195 கிலோமீட்டரை ஓடி முடித்தவர் பீகாரைச் சேர்ந்த ராணுவ வீரர் ஷிவ்நாத் சிங். 2003-இல் அவர் மறைந்தபோது அந்தச் சாதனைக்கு 25 வயது. அதன் பின்னரும் பல ஆண்டுகள், இந்தியாவின் மாரத்தான் வீரர்கள் ஒவ்வொருவரும் பயிற்சியைத் தொடங்கும்போது எட்ட வேண்டிய எல்லையாகக் கண்முன் வைத்துக்கொண்டது அந்த நேரத்தைத்தான்.

கங்கைக் கரைக் கிராமத்திலிருந்து ராணுவத்துக்கு:

ஷிவ்நாத் சிங் 1946-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி பீகாரின் பக்ஸர் பகுதியில் உள்ள மஞ்சரியா கிராமத்தில் பிறந்தார். பக்ஸர் இன்று தனி மாவட்டம். அவர் பிறந்த காலத்தில் அது பழைய ஷாஹாபாத் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. கங்கையின் தென்கரையில் வயல்கள் சூழ்ந்த அந்த நிலப்பரப்பில் செயற்கை ஓடுதளமோ முறையான தடகளப் பயிற்சி மையமோ இருந்த காலம் அல்ல அது. ஓட விரும்பிய ஒருவருக்கு வயல் வரப்பும் மண் சாலையுமே களம். காலணி என்பது அந்தக் களத்தில் கட்டாயமான ஒன்றாகவும் இருக்கவில்லை.

அந்தப் பகுதி இளைஞர்கள் பலரைப் போலவே ஷிவ்நாத்தும் ராணுவத்தில் சேர்ந்தார். பீகார் ரெஜிமென்ட் அவருடைய படைப்பிரிவு. சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் சில தசாப்தங்களில் இந்தியாவின் நெடுந்தூர ஓட்டம் பெரும்பாலும் ராணுவ முகாம்களிலேயே வளர்ந்தது. சத்தான உணவு, நாள்தோறும் பயிற்சி, மாதச் சம்பளம் ஆகிய மூன்றும் ஓர் ஓட்டக்காரருக்கு ஒரே இடத்தில் கிடைத்த அமைப்பு அதுவே. கிராமத்துக் கால்களின் வலிமை அங்கே கடிகாரத்தால் அளக்கப்படும் திறமையாக மாறியது.

சேவையில் சேர்ந்த பின்பும் வெறுங்காலில் ஓடும் பழக்கத்தை அவர் விடவில்லை. பாதங்களில் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு போட்டிகளில் இறங்கிய ஓட்டக்காரராகவே ரசிகர்கள் அவரை நினைவில் வைத்திருந்தனர்.

தெஹ்ரானில் தங்கம்:

ஷிவ்நாத்தின் பெயரை நாடு முழுவதும் அறியச் செய்தது 1974-ஆம் ஆண்டு தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டி. 5,000 மீட்டர் ஓட்டத்தில் அவர் தங்கம் வென்றார். 10,000 மீட்டரில் வெள்ளி கிடைத்தது. அந்தப் போட்டியில் இந்தியா பெற்ற தங்கப் பதக்கங்கள் மொத்தமே 4. நான்கும் தடகளத்தில் வந்தவை. நீளம் தாண்டுதலில் டி.சி.யோகன்னன், 800 மீட்டரில் ஸ்ரீராம் சிங், டெகத்லானில் விஜய் சிங் சௌஹான் ஆகியோருடன் ஷிவ்நாத்தின் பெயரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது.

பன்னிரண்டரைச் சுற்றுகளில் முடியும் 5,000 மீட்டர் ஓட்டத்தில் ஆசியாவை வென்ற ஒருவர் அதோடு நின்றிருக்கலாம். ஷிவ்நாத் மாரத்தானை நோக்கித் திரும்பினார். ஓடுதள வேகம் உள்ள ஒருவர் சாலையில் அந்த வேகத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பங்கிட்டுச் செலவழிக்கக் கற்றுக்கொண்டால் என்ன நிகழும் என்பதற்கு அடுத்த நான்கு ஆண்டுகள் விடையாக அமைந்தன.

மான்ட்ரியல் மழையில் 11-ஆம் இடம்:

1976-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி, மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தான் மழையில் நடந்தது. முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டர், அதே மான்ட்ரியலில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்று வந்திருந்த பின்லாந்தின் லாஸே விரேன் போன்றோர் களத்தில் இருந்தனர். ஓட்டத்தின் முற்பகுதியில் இத்தகைய வீரர்கள் அடங்கிய முன்னணிக் குழுவுடன் ஷிவ்நாத்தும் ஓடினார்.

மாரத்தானின் உண்மையான சோதனை பெரும்பாலும் 30 கிலோமீட்டருக்குப் பின்னரே வருகிறது. தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்பட்ட கிளைக்கோஜன் அந்தத் தொலைவை ஒட்டித் தீரத் தொடங்கும். உடல் கொழுப்பை எரிபொருளாக்க முற்படும்போது அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்படுகிறது, கால்கள் கனக்கின்றன. தொடக்கத்தில் சற்றே கூடுதலாகச் செலவழித்த வேகத்துக்கும் அங்கேதான் கணக்குத் தீர்க்கப்படுகிறது.

கிழக்கு ஜெர்மனியின் வால்டெமார் சியர்பின்ஸ்கி 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் தங்கம் வென்றார். ஷிவ்நாத் 2 மணி 16 நிமிடம் 22 விநாடியில் 11-ஆவதாக வந்தார். வெற்றியாளருக்கும் அவருக்கும் இடைவெளி 6 நிமிடம் 27 விநாடி. பதக்கம் இல்லை என்பதால் அன்றைய செய்திகளில் அது பெரிதாக ஒலிக்கவில்லை. ஆனால் அந்த ஒலிம்பிக் இந்திய ஓட்டத்துக்கு ஓர் உச்சம். ஸ்ரீராம் சிங் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் 7-ஆம் இடம் பெற்றார். ஹரி சந்த் 10,000 மீட்டர் தகுதிச் சுற்றில் 28 நிமிடம் 48.72 விநாடியில் 8-ஆவதாக வந்தார். அந்தத் தேசியச் சாதனை 2008 வரை முறியடிக்கப்படவில்லை. 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பட்டெப்பா சௌகுலே பெற்ற 19-ஆம் இடத்தைத் தாண்டி, உலகின் முதல் 12 பேருக்குள் ஓர் இந்தியரைக் கொண்டு நிறுத்தியது ஷிவ்நாத்தின் ஓட்டம்.

ஜலந்தர் சாலையில் ஒரு கணக்கு:

ஜலந்தரில் 1978-இல் ஷிவ்நாத் எடுத்துக்கொண்ட நேரம், மான்ட்ரியலில் எடுத்ததைவிட 4 நிமிடம் 22 விநாடி குறைவு. உச்ச நிலையில் ஓடும் ஒரு வீரருக்கு இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு முன்னேற்றம் எளிதில் வாய்ப்பதில்லை.

2 மணி 12 நிமிடம் என்பது 7,920 விநாடிகள். அதை 42.195 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 3 நிமிடம் 7.7 விநாடி வருகிறது. மணிக்கு 19 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகம் அது. 400 மீட்டர் ஓடுதளத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு சுற்றை 75 விநாடியில் முடிக்க வேண்டும். முடித்த கையோடு அதே வேகத்தில் அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். இப்படி 105 சுற்றுகளுக்கும் மேல் ஓட வேண்டும். நன்கு பயிற்சி பெற்ற இளைஞர்களில் பலரால் அந்த வேகத்தில் சில சுற்றுகளைக்கூடத் தாக்குப்பிடிக்க இயலாது.

கிலோமீட்டருக்கு ஒரு விநாடி மட்டும் தளர்ந்தால், முடிவில் 42 விநாடிகள் கூடிவிடும். ஆகவே மாரத்தானில் நேர இலக்கு என்பது இறுதிக் கட்டப் பாய்ச்சலால் எட்டப்படுவது அன்று. முதல் கிலோமீட்டர் முதல் கடைசிக் கிலோமீட்டர் வரை கட்டுப்பாட்டைக் கைவிடாதவருக்கே அது வசப்படும். கையில் செயற்கைக்கோள் கடிகாரமும் காலணியில் கார்பன் தகடும் இல்லாத ஒரு காலத்தில் அந்தக் கட்டுப்பாடு முழுவதும் ஓட்டக்காரரின் உடலுணர்வைச் சார்ந்திருந்தது.

அந்த நேரத்தின் எடையை உணர வேறொரு வெறுங்கால் வீரரின் பெயரும் துணைபுரியும். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் காலணியின்றி ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் உலகை வியக்க வைத்தார். 1964 டோக்கியோவில் காலணியுடன் ஓடி 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் தங்கம் வென்றார். ஷிவ்நாத்தின் ஜலந்தர் நேரம் இந்த இரண்டையும்விடக் குறைவு. பாதைக்குப் பாதை மேடுபள்ளமும் காற்றும் வெப்பமும் மாறும் என்பதால் இத்தகைய ஒப்பீடுகளுக்கு ஓர் எல்லை உண்டு. மாரத்தானுக்கு அதிகாரப்பூர்வ உலகச் சாதனை என்ற தகுதியே 2004-இல்தான் வழங்கப்பட்டது. ஆயினும் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும், 1978-இல் அது உலகத் தரத்தை ஒட்டி நின்ற ஓர் ஓட்டம். ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன் 1969-இல் பதிவு செய்து, அன்று உலகின் மிகச் சிறந்த நேரமாகக் கருதப்பட்ட 2 மணி 8 நிமிடம் 34 விநாடிக்கும் அதற்கும் இடையே இருந்தது 3 நிமிடம் 26 விநாடி மட்டுமே.

மாஸ்கோவில் முடியாத ஓட்டம்:

இரண்டு ஆண்டுகள் கழித்து மாஸ்கோ ஒலிம்பிக் வந்தது. ஷிவ்நாத்துக்கு அது இரண்டாவது ஒலிம்பிக். சியர்பின்ஸ்கி மீண்டும் தங்கம் வென்றார். அவரது நேரம் 2 மணி 11 நிமிடம் 3 விநாடி. வெண்கலம் 2 மணி 11 நிமிடம் 35 விநாடிக்குக் கிடைத்தது. ஜலந்தரில் ஷிவ்நாத் ஓடிய நேரம் அந்த வெண்கலத்துக்கு 25 விநாடிகளே பின்தங்கியது. ஆனால் மாஸ்கோ சாலையில் அந்த ஓட்டம் நிகழவில்லை. பந்தயத்தை நிறைவு செய்யாமலேயே அவர் விலக நேர்ந்தது. 34 வயதில் வந்த அந்த வாய்ப்புக்குப் பின் வேறு ஒலிம்பிக் அவருக்கு அமையவில்லை.

ராணுவப் பணிக்குப் பின் அவர் டாடா ஸ்டீல் நிறுவனத்தில் பணியாற்றினார். 2003-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி, 57 வயது நிறைவடைவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில் காலமானார்.

சாதனை நின்றது, உலகம் நகர்ந்தது:

ஒரு தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளைக் கடந்து நிற்பது அதை நிகழ்த்தியவருக்குப் பெருமை. பின்னர் வந்த தலைமுறைகளுக்கும் அவற்றை வளர்த்த அமைப்புகளுக்கும் அது ஒரு கேள்வி. ஷிவ்நாத்தின் காலத்துக்குப் பிறகு ஆப்பிரிக்க வீரர்களின் எழுச்சியாலும், உயர்நிலப் பயிற்சி, விளையாட்டு அறிவியல், புதிய காலணித் தொழில்நுட்பம் ஆகியவற்றாலும் மாரத்தான் முற்றிலும் மாறியது. 2023-இல் கென்யாவின் கெல்வின் கிப்டம் சிகாகோவில் 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் ஓடினார். 1978-இல் மூன்றரை நிமிடமாக இருந்த இடைவெளி அப்போது 11 நிமிடத்தைத் தாண்டியது.

இந்திய வீரர்கள் முயலாமல் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டி.கோபி 25-ஆவதாகவும் கேதா ராம் 26-ஆவதாகவும் வந்தனர்; இருவரும் 2 மணி 16 நிமிடத்துக்குள் ஓடினர். கேரளத்தில் பிறந்து ராணுவத்தில் பணிபுரிந்த கோபி, 2019-இல் சியோலில் 2 மணி 13 நிமிடம் 39 விநாடியில் ஓடி ஷிவ்நாத்தின் நேரத்தை நெருங்கினார். இடையில் எஞ்சியது 1 நிமிடம் 39 விநாடி. கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் இரண்டரை விநாடிக்கும் குறைவு. காகிதத்தில் மிகச் சிறிதாகத் தெரியும் அந்த வேறுபாட்டைக் கடக்கவே ஓட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர்.

இதனிடையே ஒலிம்பிக் நுழைவாயிலும் உயர்ந்துகொண்டே சென்றது. ரியோவுக்கான தகுதி நேரம் 2 மணி 19 நிமிடம். டோக்கியோவுக்கு அது 2 மணி 11 நிமிடம் 30 விநாடியானது. பாரிஸுக்கு 2 மணி 8 நிமிடம் 10 விநாடி. டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் ஆண்கள் மாரத்தானில் இந்தியர் எவரும் பங்கேற்கவில்லை. ஷிவ்நாத் தமது ஜலந்தர் நேரத்துடன் வந்திருந்தாலும், அந்தத் தகுதி நேரங்களை எட்டியிருக்க மாட்டார். அவருடைய சாதனையைத் தொட்டால் போதும் என்ற இலக்கு, உலக அரங்குக்குப் போதாததாகிவிட்டது.

மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு எனப் பல நகரங்களில் இன்று ஆயிரக்கணக்கானோர் நெடுந்தூர ஓட்டங்களில் பங்கேற்கின்றனர். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், சென்ற ஆண்டைவிட ஐந்து நிமிடம் குறைக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் தமக்கென ஒரு நேரத்தை வகுத்துக்கொண்டு விடியற்காலையில் சாலைக்கு வருகின்றனர். அவர்களில் ஷிவ்நாத் சிங்கின் பெயரை அறிந்தவர் சிலரே. ஜூன் 6 அவரது நினைவு நாள். பிளாஸ்திரி சுற்றிய பாதங்களுடன் ஓடிய ஒரு கிராமத்து ராணுவ வீரர், கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 7.7 விநாடி என்ற கணக்கைக் கடைசி வரை காத்து முடித்தார் என்பதை, கடிகாரத்தைப் பார்த்து ஓடும் எவரும் அந்நாளில் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.