காத்லீன் ட்ரூ அம்மையார்

ஜப்பானியர் சோற்றைச் சுருட்டியுண்ணும், கரிய தாள் போன்ற நோரி என்பது கடலில் விளையும் ஒரு செம்பாசி. பல தலைமுறைகளாக அந்நாட்டுக் கரையோர மக்கள் ஆழமற்ற கடலில் கழிகளை நட்டு, பாசி தானே வந்து பற்றுமென்று காத்திருந்தனர். கோடையில் அது எங்கே மறைகிறது, வித்து எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, பண்டிதர்களுக்கும் தெரியாது. ஒரு வருஷம் பொன் கொழிக்கும். மறு வருஷம் கழி வெறுங்கழியாக நிற்கும். இரண்டாம் உலக யுத்தத்திற்குப்பின் விளைச்சல் பெரிதும் குன்றிப்போயிற்று. இம்மர்மத்தைத் துலக்கியவர் ஜப்பான் மண்ணை மிதித்தேயிராத ஓர் ஆங்கில மாது.

காத்லீன் ட்ரூ 1901-ஆம் ஆண்டில் லங்காஷையரைச் சேர்ந்த லீ என்னும் ஊரில் பிறந்தார். மான்செஸ்டர் ஸர்வகலாசாலையில் தாவர சாஸ்திரம் பயின்று, 1922-இல் முதல் வகுப்பில் தேறி, அங்கேயே ஆசிரியையாக அமர்ந்தார். 1928-இல் ஹென்றி ரைட் பேக்கரை மணந்தார். விவாகமான ஸ்திரீகளுக்கு அங்கே உத்தியோகமில்லை என்பது அந்நாளைய விதி, பதவி போயிற்று. விவாகமான புருஷர்களுக்கு அவ்விதி இல்லையென்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அம்மையார் ஆராய்ச்சியை விட்டாரில்லை, சம்பளமின்றியே தொடர்ந்தார்.

செம்பாசியின் ஆண் அணுவுக்கு நீந்துவதற்கு வாலில்லை. நீரோட்டம் போகும் வழியே போகும். கார்போகோனியம் என்னும் பெண்ணணுவோ தன் நுனியை மயிரிழைபோல் நீட்டி, மிதந்து வருவதைப் பற்றிக்கொள்கிறது. 1867-இல் துய்ரே, போர்னே என்ற பிரெஞ்சு சாஸ்திரிகள் இதை விளக்கினர். நோரியின் இனமாகிய போர்பைராவில் அவ்விழை சிறு முனையாகக் குறுகியிருக்கும். கருவுற்றதும் அணு பலவாகப் பிளந்து வித்துக்களாய்ச் சிதறும். அதற்குமேல் அவை என்னவாகின்றன?

கணவர் ஆக்கிக்கொடுத்த, அலை ஏறியிறங்கும் தொட்டியொன்றும் அம்மையாருக்குத் துணையாயிற்று. வித்துக்கள் சிப்பி ஓட்டைத் துளைத்து, உள்ளே இளஞ்சிவப்பு இழைகளாய்ப் படர்வதை அவர் கண்டார். அவ்விழைக்கு 1892-இல் கான்கோசெலிஸ் என்று பெயரிட்டு, வேறொரு பாசியாகவே சாஸ்திர நூல்கள் கருதிவந்தன. தாயையும் பிள்ளையையும் இரு குலமாக்கி வைத்திருந்தார்கள்! 1949-இல் நேச்சர் பத்திரிகையில் வந்த அவருடைய சிறு கட்டுரை இவ்வழக்கைத் தீர்த்தது.

ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றிக்கொண்டு, சில ஆண்டுகளுக்குள் சிப்பி ஓடுகளில் வித்தை வளர்த்து வலைகளில் ஏற்றும் முறையை வகுத்தனர். நோரி பயிராயிற்று.

அம்மையார் 1957-இல் காலஞ்சென்றார். 1963-இல் குமாமோட்டோ மாகாணத்து உடோ நகரில், கடலை நோக்கிய சுமியோஷி ஆலயத்தருகே, நோரி பயிரிடுவோர் அவருக்கு ஞாபகக்கல் நாட்டினர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் தேதி அங்கே கூடி அவருக்கு வணக்கம் செலுத்துகின்றனர்.