நிலைபேற்றுப் பொருளியலின் முன்னோடி ஜே.சி. குமரப்பா

நிலைபேறான அபிவிருத்தி என்ற தொடர் 1987இல் வெளியான புரூண்ட்லண்ட் அறிக்கையின் பின்னரே உலகெங்கும் பரவலாயிற்று. அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்னரே அதன் உட்பொருளைத் தமது நூலொன்றில் விளக்கியவர் தமிழரான ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4ஆம் திகதி தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்த அவர், லண்டனில் கணக்கியல் பயின்று பம்பாயில் கணக்காய்வாளராகத் தொழில் புரிந்தார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அரசாங்க நிதி பற்றி ஆராய்ந்தபோது, இந்தியாவின் வறுமைக்கும் அந்நிய ஆட்சிக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெளிவாயிற்று. 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின், மேனாட்டு உடையையும் வசதியான வாழ்வையும் துறந்து கதர் அணிந்தார். இறுதிவரை திருமணம் செய்யாது எளிமையாகவே வாழ்ந்தார்.

1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் உருவானபோது அதனை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. வார்தாவிலுள்ள மகன்வாடி, கிராமத்து மக்களின் விஞ்ஞானக் கூடமாயிற்று. ஆலையில் தீட்டிய அரிசி தவிட்டோடு உயிர்ச்சத்தையும் இழப்பதால் கைக்குத்தல் அரிசியே உகந்தது என்று அங்கு கற்பிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கும் அங்கு உருவானது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய நூலே 1945இல் வெளிவந்தது. மரத்துக்கு எதுவும் செய்யாமல் கனியைப் பறிக்கும் குரங்கையும், தேனை எடுக்கும்போதே பூவின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் தேனீயையும் அதில் அவர் ஒப்பிட்டுக் காட்டினார். நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறைவன என்றும் எச்சரித்தார். ஒரு பொருள் உருவான விதத்தில் அநீதி இருப்பின், அதை வாங்குபவருக்கும் அதில் பங்குண்டு என்பது அவரது உறுதியான கொள்கை.

இக்கருத்தின் உண்மையைச் சிலாபம் மக்கள் கண்கூடாகக் கண்டுள்ளனர். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கை வந்த காந்தியடிகள் கால்பதித்த ஊர் அது. 1980களில் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலான களப்போரங்களில் கண்டல் காடுகளை வெட்டி இறால் பண்ணைகள் பெருகின. அந்நியச் செலாவணி கிட்டியது உண்மையே. ஆனால் 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பண்ணைகள் நொடித்தன; குளங்கள் பல கைவிடப்பட்டன. மீனும் இறாலும் இயற்கையாக வளரும் கண்டல்களையும் கரையோர மீனவர்கள் இழந்தனர். சிலாபத்தை அண்டிய பம்பலவில் 2016இல் கண்டல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டமை ஆறுதலளிக்கிறது.

1960 ஜனவரி 30இல், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பா காலமானார். எமது பாடசாலைகளில் விஞ்ஞானம் பரீட்சைப் பாடமாகவே நின்றுவிடலாகாது. களப்பையும் கண்டலையும் நேரிற் கண்டு கற்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிட்ட வேண்டும். பொங்கலாயினும் பெருநாளாயினும், வாங்கும் பொருள் எங்கிருந்து எவ்வாறு வந்தது என்று கேட்கும் பழக்கத்தைப் பெற்றோர் வீட்டில் தொடக்கி வைப்பார்களாயின், அப்பெரியாரின் உழைப்பு வீண்போகாது.