பூட்டிய கல்லூரியும் பூத்த அறிவும்

ஆப்பிள் பழம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் யார்? சர் ஐசக் நியூட்டன் அல்லவா! மரத்திலிருந்து பழம் விழுந்ததையும், அவர் சிந்தித்ததையும் நாம் சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனால் அந்த நேரத்தில் அவர் ஏன் தோட்டத்தில் இருந்தார்? கல்லூரியில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? அவர் படித்த பல்கலைக்கழகம் கொள்ளைநோயால் மூடப்பட்டிருந்தது என்பதே அதற்கு விடை. அந்த நாட்களில் மாணவரும் கல்லூரியும் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை அவரது வாழ்க்கை வழியே காண்போம்.

இங்கிலாந்து நாட்டில் லிங்கன்ஷயர் என்னும் பகுதியில் ஊல்ஸ்தார்ப் என்ற சிற்றூர் உள்ளது. அங்கு, அந்நாட்டில் அப்போது வழங்கிய பழைய நாள்காட்டியின்படி, 1642 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவன்று நியூட்டன் பிறந்தார். தந்தையின் முகத்தை அவர் கண்டதில்லை. அவர் பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். குறைமாதக் குழந்தையாகிய அவர் பிழைப்பார் என்று யாரும் நம்பவில்லை. மூன்று வயதானபோது தாய் ஹன்னா மறுமணம் செய்துகொண்டு வேற்றூர் சென்றார். பாட்டியின் கையில் வளர்ந்தார் சிறுவன் ஐசக்.

கிரந்தம் என்னும் ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவரை, மீண்டும் விதவையான தாய், பண்ணையைக் கவனிப்பதற்காக ஊருக்கு அழைத்துக்கொண்டார். ஆனால் ஆடுகள் அயலார் பயிரை மேய, இவரோ வேலியோரம் புத்தகமும் கையுமாக இருப்பாராம்! பள்ளித் தலைமையாசிரியரும் தாய்மாமனும் எடுத்துச் சொன்ன பிறகே தாய் மனமிரங்கி, அவரை மறுபடியும் படிக்க அனுப்பினார்.

1661 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரினிடி கல்லூரியில் நியூட்டன் நுழைந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பணிவிடை செய்து, அதனால் குறைந்த செலவில் படிக்கும் மாணவராகவே அவர் சேர்ந்தார். 1664 இல் கல்லூரியின் உதவிபெறும் மாணவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின் அவருக்கு உணவுக் கவலை இல்லை. 1665 இல் பி.ஏ. பட்டமும் பெற்றார்.

அந்த ஆண்டில்தான் பிளேக் என்னும் கொள்ளைநோய் இலண்டன் நகரைத் தாக்கியது. அவ்வாண்டு இலண்டனில் மட்டும் ஏறத்தாழ 68,000 பேர் அந்நோயால் மாண்டதாக அக்காலப் பதிவேடுகள் காட்டுகின்றன. உண்மைத் தொகை இன்னும் மிகுதியாக இருக்கும் என்பர் அறிஞர். நோயின் காரணத்தை அன்று எவரும் அறியார். அந்தக் கிருமி 1894 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கூட்டம் கூடினால் நோய் பரவும் என்பது மட்டும் மக்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, கேம்பிரிட்ஜ் அருகே ஆண்டுதோறும் கூடும் ஸ்டவர்பிரிட்ஜ் பெருஞ்சந்தை நிறுத்தப்பட்டது. பல்கலைக்கழகக் கோயிலில் மறையுரைகள் நின்றன. மாணவர்கள் பொது மண்டபத்தில் வாதிடும் பயிற்சியும் நின்றது. விடுதிகள் வெறிச்சோடின.

அப்படியானால் பல்கலைக்கழகம் இறந்துவிட்டதா? இல்லை. இங்கேதான் நாம் வியக்க வேண்டிய செய்தி இருக்கிறது. 1665 ஆகஸ்டில் டிரினிடி கல்லூரி ஒரு முடிவு செய்தது. நோய்க்கு அஞ்சி நாட்டுப்புறம் செல்லும் ஆசிரியர்களுக்கும், உதவிபெறும் மாணவர்களுக்கும் அவர்கள் கல்லூரியில் உண்ணும் உணவுக்குரிய தொகையைக் கொடுப்பது என்பதே அம்முடிவு. சாப்பாட்டு மண்டபம் மூடியிருந்தாலும் மாணவரின் தட்டு காலியாகக் கூடாது என்று கல்லூரி எண்ணியது போலும்! அந்நாட்களில் இவ்வாறு உணவுத் தொகை பெற்றவர்களுள் நியூட்டனும் ஒருவர். மாணவர் பலர் தம் ஆசிரியருடனேயே அருகிலிருந்த கிராமங்களுக்குச் சென்று, அங்கே பாடம் கேட்டனர். ஆசிரியர் இருந்த இடமே அவர்களுக்குக் கல்லூரி ஆயிற்று.

நியூட்டன் தம் ஆசிரியரைப் பின்தொடராமல், சுமார் 60 மைல் தொலைவிலிருந்த ஊல்ஸ்தார்ப்புக்குத் திரும்பினார். அவருக்கு வாய்த்த பெருஞ்செல்வம் ஒரு குறிப்பேடு. அவருடைய மாற்றாந்தந்தை சமயக் குறிப்புகள் எழுதத் தொடங்கி, பெரும்பகுதியை எழுதாமலே விட்டுச்சென்ற தடித்த ஏடு அது. காகிதம் விலைமிகுந்த அந்நாளில் அந்த வெற்றுப் பக்கங்களை நியூட்டன் வீணாக்கவில்லை. தமக்குத் தாமே கேள்வி கேட்டு, தாமே விடை தேடி, கணக்குகளால் அவற்றை நிரப்பினார். அந்த ஏடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஒரு வளைகோட்டின் பரப்பை 52 இலக்கங்கள் வரை கையாலேயே கணக்கிட்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஐந்து இலக்கப் பெருக்கலுக்கே முகம் சுளிக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்!

மாறிக்கொண்டே இருக்கும் அளவுகளைக் கணக்கிடும் நுண்கணிதத்தை அவர் 1666 அக்டோபரில் ஒரு கட்டுரையாக எழுதி வைத்தார். முப்பட்டகக் கண்ணாடி வழியே ஒளியைச் செலுத்தி, வெண்ணிற ஒளி பல நிறங்களின் கலவை என்ற உண்மையை நோக்கி நடந்தார். தோட்டத்தில் விழுந்த ஆப்பிளும் சிந்தனையைத் தூண்டியது. பழத்தை இழுக்கும் விசை நிலவு வரையிலும் எட்டுமோ என்று அவர் எண்ணினார். பழம் அவர் தலையில் விழுந்தது என்பது பின்வந்தோர் சேர்த்த கதை. விழக் கண்டார் என்பதே அவர் முதுமையில் நண்பரிடம் சொன்னது.

இந்த வரலாற்றைக் கேட்டதும், கல்லூரி இல்லாததால்தான் அவர் மேதையானார் என்று சிலர் சொல்லக்கூடும். தோழியரே, அது சரியன்று. அந்தக் கேள்விகளை அவர் 1664 இலேயே கேம்பிரிட்ஜில் கேட்கத் தொடங்கிவிட்டார். படிக்க நூல்களைத் தந்ததும், பட்டம் தந்ததும் கல்லூரியே. ஊல்ஸ்தார்ப்பில் முளைத்த எண்ணங்கள் அங்கேயே கனியவும் இல்லை. நிலவைப் பற்றிய கணக்கு முழுமை பெற்று, பிரின்சிபியா என்னும் பெருநூலாக வெளிவந்தது 1687 இல்தான். கல்லூரி விதைத்தது, தனிமை நீர் வார்த்தது, பல்லாண்டு உழைப்பே கனி தந்தது.

1666 மார்ச்சில் நோய் தணிந்ததாக எண்ணி மாணவர்கள் திரும்பினர். நியூட்டனும் வந்தார். ஆனால் கோடையில் நோய் மீண்டும் தலைதூக்கவே, மறுபடியும் ஊருக்குப் போக நேர்ந்தது. 1667 ஏப்ரலில்தான் அவர் நிலையாகத் திரும்ப முடிந்தது. அவருக்குரிய இடம் அவருக்காகக் காத்திருந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே கல்லூரி அவரைத் தன் ஆய்வாளர் குழுவில் சேர்த்துக்கொண்டது. கணிதப் பேராசிரியராக இருந்த ஐசக் பாரோ அவரது திறமையைக் கண்டுகொண்டார். 1669 இல் பாரோ விலகியபோது, 26 வயதே ஆன நியூட்டன் அந்தப் பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். ஊரில் தனித்திருந்து தேடிய ஒளியின் உண்மைகளையே தம் முதல் விரிவுரைகளில் மாணவர்களுக்குக் கற்பித்தார். கல்லூரி கொடுத்த உணவுக் காசு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது எனலாம்!

பின்னர் அவர் நாணயச் சாலையின் தலைவரானார். 1703 முதல் ராயல் சொசைட்டியின் தலைவராக விளங்கினார். 1705 இல் ஆன் அரசியார் அவருக்குச் சர் பட்டம் சூட்டினார். 1727 மார்ச்சில் மறைந்த அவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

2020 இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது அதே கேம்பிரிட்ஜ் மீண்டும் மண்டபங்களை மூடி, இணையம் வழியே விரிவுரைகளை நடத்தியது. அன்று தொடக்க வகுப்பில் இருந்த நாங்களும் கைப்பேசித் திரையில் பாடம் கேட்டோம். கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளை படித்தாள்; இல்லாத வீட்டுப் பிள்ளை சன்னலோரம் நின்றாள். பள்ளி திறந்தபோது வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளும் உண்டு. ஆகவே நியூட்டனின் கதையை மேதையின் கதையாக மட்டும் படித்தல் போதாது. தந்தையற்ற அந்த மாணவர் மறுபடியும் ஆடு மேய்க்கப் போகாமல், ஏட்டை நிரப்பியதற்கு அவரது ஊக்கம் ஒரு காரணம். வாசலைப் பூட்டிய பின்னும் உணவுக்குப் பணம் தந்து, பெயரை நீக்காமல் இடத்தைக் காத்த கல்லூரி மற்றொரு காரணம். கட்டடம் மூடினாலும் கல்வி மூடாதிருக்க இவ்விரண்டும் வேண்டும்.

நம் பங்கு வெற்றுப் பக்கங்களை நிரப்புவது. பெற்றோர், ஆசிரியர், அருட்சகோதரிகள் ஆகியோரை நாங்கள் வேண்டுவது ஒன்றே: இன்னொரு முறை கதவை மூட நேர்ந்தால், ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வருகைப் பதிவேட்டில் அழியாது இருக்கட்டும்.